கண்மூடிக் காணக் கற்பித்த ஆசிரியை

ஏழு வயதுப் பிள்ளையிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்தால் அது தயங்காமல் வரையும். அதே பிள்ளையிடம் பதின்மூன்றாம் வயதில் கொடுத்தால், "எனக்கு வரைய வராது" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் கை தளர்ந்துவிடவில்லை, கண் வளர்ந்துவிட்டது. தான் வரைந்த மாடு மாட்டைப் போல இல்லை என்பதை உணரும் அளவிற்குக் கண் கூர்மை பெற்றுவிட்டது. அக்கண்ணுக்கு ஈடுகொடுக்கும் பயிற்சி கைக்கு வாய்க்கவில்லை. அந்த நாணத்தில் பென்சிலைக் கீழே வைத்தவர் பலர் வாழ்நாளில் மீண்டும் அதை எடுப்பதே இல்லை.

ஆகவே, வளரிளம் பருவத்தினர்க்கு ஓவியத்தின் அடிப்படைகளைக் கற்பிப்பது எவ்வாறு என்ற வினா, இந்த இழப்பைத் தடுப்பது எவ்வாறு என்ற வினாவே ஆகும். இதற்கு மேலைநாட்டார் கண்ட இருவேறு விடைகளின் வரலாறு ஓவியர்க்கு மட்டுமன்றிக் கவிஞர்க்கும் பயன்படுவதாகும்.

முதல் விடை தொழிற்புரட்சி தந்தது. பிரெஞ்சு நாட்டுப் பட்டும் பீங்கானும் அழகில் விஞ்சி நின்றமை கண்டு கவலையுற்ற பிரிட்டிஷ் அரசு, 1837இல் லண்டனில் வடிவமைப்புப் பள்ளி ஒன்றை நிறுவியது. 1852 முதல் ஹென்றி கோல் என்பவர் இத்துறையின் தலைமையை ஏற்றார். அவருடன் பணியாற்றிய ஓவியர் ரிச்சர்ட் ரெட்கிரேவ் 23 படிநிலைகள் கொண்ட பாடத்திட்டம் ஒன்றை வகுத்தார். அளவுகோலும் கவராயமும் கொண்டு கோடு வரைவது முதற்படி. பின்னர் அச்சிட்ட பூவேலைப்பாடுகளைப் பார்த்து வெறுங்கையால் படியெடுத்தல். பின்னர் சுதை வார்ப்புகளைப் பார்த்து ஒளிநிழல் தீட்டுதல். மனித உருவம் அதற்கும் பின்னரே. தானாக ஒன்றைப் படைக்கும் வாய்ப்பு வருவதற்குள் மாணவனின் இளமையே கழிந்துவிடும். ஒரே வார்ப்பைப் புள்ளி புள்ளியாக நிழலிட்டு மாதக்கணக்கில் அமர்ந்திருந்தோரும் உண்டு.

தென் கென்சிங்டன் முறை எனப் பெயர்பெற்ற இது கடல் கடந்தும் பரவியது. 1870இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் ஒவ்வோர் ஊரும் பதினைந்து வயது கடந்தோர்க்குத் தொழில்முறை வரைதலை இலவசமாகக் கற்பிக்க வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. அப்பணியை நடத்த 1871இல் இங்கிலாந்திலிருந்து வால்ட்டர் ஸ்மித் அழைக்கப்பெற்றார். மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கி, பின்னர் அரசின் பொறுப்பில் வந்த சென்னைக் கலைப்பள்ளியிலும் பின்னாளில் இம்முறையின் செல்வாக்குப் படிந்தது.

இம்முறையை முற்றாகப் பழித்தல் நேர்மையன்று. வரைதல் தெய்வம் தந்த வரம் என்று எண்ணியிருந்த உலகிற்கு, எழுத்தும் கணக்கும் போல அதுவும் எல்லார்க்கும் கற்பிக்கத் தக்கதே என்று காட்டியது இம்முறைதான். ஆனால் "நீ கண்டது என்ன?" என்று ஒருமுறையேனும் அது மாணவனைக் கேட்கவில்லை.

அவ்வினாவை எழுப்பியவர்களுள் முன்னோடி, பாரிசில் 'சிறிய பள்ளி' என வழங்கிய ஓவியப் பள்ளியின் ஆசிரியர் லெகோக் து புவாபோத்ரான். ஓவிய நினைவாற்றலைப் பயிற்றுதல் குறித்து 1848இல் நூல் வெளியிட்ட அவர், ஒரு பொருளை மனத்தில் பதியும்வரை உற்றுநோக்கிப் பின்னர் அது இல்லாமலே வரையச் செய்தார். 1854இல் அப்பள்ளியில் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன், பிற்காலத்தில் உலகம் போற்றும் சிற்பியானான். அவனே ரோதான்.

இங்கிலாந்தில் இத்தகைய பயிற்சியை வளர்த்தவர் பர்மிங்காம் கலைப்பள்ளித் தலைவர் ராபர்ட் கேட்டர்சன் ஸ்மித். அவர் விளக்குப் படக்கருவியால் ஒரு படத்தைத் திரையில் காட்டி மறைத்துவிடுவார். மாணவர்கள் கண்களை மூடிக்கொண்டு அதனைத் தாளில் வரைய வேண்டும். பிறகு கண் திறந்து நினைவிலிருந்து மீண்டும் வரைய வேண்டும். அங்குப் பயின்ற மாணவியருள் ஒருவர் மரியன் ரிச்சர்ட்சன். 1892இல் பிறந்த அவர், 1912இல் டட்லி நகரின் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகப் பொறுப்பேற்றார். நிலக்கரியும் இரும்பும் புகையும் சூழ்ந்த வட்டாரம் அது.

அவர் தம் ஆசானின் முறையில் ஒரு மாற்றம் செய்தார். திரையையும் படத்தையும் விடுத்துச் சொல்லைக் கையில் எடுத்தார். மாணவியர் கண்களை மூடி அமர்ந்திருப்பர். ஆசிரியை ஒரு காட்சியை மெல்ல விவரிப்பார்: விளக்கொளி படிந்த தெரு, ஒரு சிறு கடை, தாம் கண்டுவந்த ரஷ்ய நாட்டிய அரங்கின் வண்ணங்கள். அச்சொற்கள் ஒவ்வொருத்தியின் உள்ளத்திலும் ஒவ்வோர் ஓவியமாக விரியும்; பின்னர் அவர்கள் வண்ணம் தொட்டு வரைவர். சொல் ஒன்றே; ஓவியங்கள் வேறு வேறு. பார்த்துப் படியெடுக்க எதிரே ஏதுமில்லை. ஆதலால் 'மாடு மாட்டைப் போல இல்லையே' என்னும் நாணத்திற்கும் இடமில்லை. தன் உள்ளத்துக் காட்சிக்குத் தாள் உண்மையாக இருக்கிறதா என்பதே அளவுகோல். அதை அளக்கும் உரிமை வரைந்தவளுக்கே உரியது.

1917இல் கலைத் திறனாய்வாளர் ரோஜர் ஃபிரை லண்டனில் சிறுவர் ஓவியக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். அதனைக் காணச் சென்ற ரிச்சர்ட்சன் தம் மாணவியரின் படங்களை அவரிடம் காட்ட, அவற்றையும் ஃபிரை அக்காட்சியில் சேர்த்துக்கொண்டார். 1930இல் ரிச்சர்ட்சன் லண்டன் நகரவைப் பள்ளிகளின் ஓவிய ஆய்வாளரானார். 1938இல் நகரவை மாளிகையில் அவர் அமைத்த சிறுவர் ஓவியக் கண்காட்சி பெரும் வரவேற்புப் பெற்றது. 1946இல் அவர் மறைந்தார். அவருடைய அனுபவ நூல் 1948இல் வெளிவந்தது.

அவருக்குப் பின்வந்தோர் சிலர், பிள்ளைகளைத் தாளோடு தனியே விட்டுவிடுவதே சுதந்திரம் எனக் கருதினர். இது அவர் வழியன்று. 1935இல் அவர் வெளியிட்ட கையெழுத்துப் பயிற்சி நூலில் கோடுகளும் வளைவுகளும் தாளலயத்தோடு திரும்பத் திரும்ப வரும். கைப்பழக்கத்தை அவர் கைவிடவில்லை. காட்சி முன்னே செல்ல, கை அதனைத் தொடர வேண்டும் என்று வரிசையை மாற்றினார், அவ்வளவே.

ஓவியத்தின் எளிய பாடங்களும் இதனையே மெய்ப்பிக்கின்றன. நாற்காலிக்கு நான்கு கால்களும் ஒரே நீளம் என்பது நாம் அறிந்தது. தாளில் அப்படியே வரைந்தால் நாற்காலி நிற்பதில்லை. நம் கண்ணில் விழும் கால்கள் வேறு வேறு உயரத்தில் முடிகின்றன. அவற்றிடையே உள்ள வெற்றிடத்திற்கும் ஓர் உருவம் உண்டு. அறிந்ததை ஒதுக்கிவிட்டுக் கண்டதை வரையத் துணிந்த அன்றே பதின்மூன்று வயதுப் பிள்ளையின் நாற்காலி நிமிர்ந்து நிற்கும்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்திற்கும் இளைஞர்கள் கவிதைத் தாளோடு வருகின்றனர். நிலவு, தென்றல், கண்ணீர் என அறிந்த சொற்களையே படியெடுத்து வருகின்றனர். நாமும் உடனே தளையையும் தொடையையும் திருத்தத் தொடங்கிவிடுகிறோம். அவ்விளைஞர் பலர் மறு கூட்டத்திற்கு வருவதில்லை; அவர்கள் எழுதுகோலை எங்கே வைத்தார்கள் என்று நாம் கேட்டதுமில்லை. இனிவரும் கூட்டங்களில், யாப்பைத் தொடுமுன், கண்களை மூடச் சொல்லி ஒரு வினா எழுப்புவோம்: "தம்பி, அந்த நிலவு எந்தத் தெருவின் மேல் நின்றது? அப்போது அங்கே யார் நடந்துபோனார்?" அதற்கு விடை வந்தபின் தளையைப் பார்த்துக்கொள்ளலாம்.