ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு

ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்பது அந்தரங்க உரிமைக்கும் பத்திரிகைச் சுதந்திரத்துக்கும் இடையிலான எல்லையை வரையறுத்து, இந்திய உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பளித்த வழக்கு ஆகும். மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பாக எழுந்ததால், இது ஆட்டோ சங்கர் வழக்கு என்றும் வழங்கப்படுகின்றது. அச்சு இதழ் ஒன்றைப் பற்றிய இத்தீர்ப்பின் விதிகள் இணையக் காலத்து வழக்குகளிலும் எடுத்தாளப்படுகின்றன. அவற்றுள் ஒன்றான பொது ஆவண விலக்கு, தேடுபொறிகள் வந்தபின் கடும் சர்ச்சைக்கு உள்ளாகியுள்ளது.

பின்னணி

சென்னை திருவான்மியூரைச் சேர்ந்த ஆட்டோ சங்கருக்கு, ஆறு கொலைகளுக்காகச் செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் 1991 மே 31 அன்று மரண தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1992இல் அதனை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் 1994 ஏப்ரலில் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

செங்கல்பட்டுச் சிறையில் இருந்தபோது அவர் சுமார் 300 பக்க அளவில் தன்வரலாறு எழுதினார் என்றும், அது சிறை அதிகாரிகள் அறிய அவருடைய மனைவி வழியாக வழக்கறிஞரை அடைந்தது என்றும் நக்கீரன் தரப்பு கூறியது. அதிகாரிகள் சிலருக்கும் அவருக்கும் இருந்த தொடர்புகள் அதில் இடம்பெற்றிருந்தன என்பதே சிக்கலின் மையம். நக்கீரன் தொடரை அறிவித்தவுடன், சிறைத்துறைத் தலைவர் 1994 சூன் 15 அன்று கடிதம் அனுப்பினார். அத்தகவல்கள் பொய்யானவை என்றும், வெளியிட்டால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அக்கடிதம் எச்சரித்தது. இதனை எதிர்த்து ஆசிரியர் ராஜகோபால் (நக்கீரன் கோபால்) உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றத்தை நேரடியாக நாடினர்.

யாருடைய அந்தரங்கத்தைப் பற்றி வாதம் நடந்ததோ அந்த ஆட்டோ சங்கர் இவ்வழக்கில் ஒரு தரப்பினராகச் சேர்க்கப்படவே இல்லை. எனவே, அவர் அந்நூலை எழுதவும் இல்லை, வெளியிட இசைவு தரவும் இல்லை என்று வைத்துக்கொண்டே நீதிமன்றம் வழக்கை ஆராய்ந்தது. தீர்ப்புக்கு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பின், 1995 ஏப்ரல் 27 அன்று அவர் சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

தீர்ப்பு

நீதிபதிகள் பி. பி. ஜீவன் ரெட்டி, சுகாஸ் சி. சென் ஆகியோர் கொண்ட அமர்வு இவ்வழக்கை விசாரித்தது. அந்தரங்க உரிமை என்பது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கியது என்றும், தன்னைத் தன் போக்கில் விட்டுவிடுமாறு கேட்கும் உரிமையே அது என்றும் நீதிமன்றம் கூறியது. ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி போன்றவற்றை அவர் இசைவின்றி எவரும் வெளியிடலாகாது. வெளியிடுவது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பது பொருட்டன்று. தாமாகவே சர்ச்சையில் இறங்கியவர்களுக்கு இப்பாதுகாப்பு முழுமையாகக் கிட்டாது.

நீதிமன்றப் பதிவேடு உள்ளிட்ட பொது ஆவணங்களில் இடம்பெற்றுவிட்ட செய்திக்கு அந்தரங்கம் இல்லை என்பது இதற்கு விலக்கு. பாலியல் வன்முறை, கடத்தல் போன்றவற்றால் பாதிக்கப்பட்ட பெண்களின் பெயரை வெளியிடுவது மட்டும் இவ்விலக்கிலும் சேராது.

அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன் (1964), இங்கிலாந்தின் டெர்பிசயர் மன்றம் (1993) ஆகிய வழக்குகளையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. தம் அலுவல் கடமை பற்றிய விமர்சனத்துக்காக அதிகாரிகள் எளிதில் இழப்பீடு கோர முடியாது. அரசு அமைப்புகள் அவதூறு இழப்பீடு கேட்கவே முடியாது. அதிகாரிகளுக்கு அவதூறு நேரும் என்று அஞ்சி, அரசு ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கவும் முடியாது. பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு ஆட்டோ சங்கரின் வாழ்க்கையை நக்கீரன் அவர் இசைவின்றியும் வெளியிடலாம் என்றும், அதைத் தாண்டினால் விளைவை ஏற்க வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று.

பொது ஆவண விலக்கும் இணையமும்

1994இல் நீதிமன்றப் பதிவேடு பொது ஆவணம் எனினும், அதனைக் காண விரும்புபவர் நீதிமன்ற அலுவலகத்தில் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது சட்ட நூலகத்தில் தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்ட வேண்டும். வழக்கில் சிக்கியவரின் பெயர் அறையில் அடுக்கிய கட்டுகளுக்குள் கிடந்தது. சட்டம் தராத மறைவை இந்தத் தொல்லையே தந்துகொண்டிருந்தது எனலாம். தீர்ப்புகளை இலவசமாகத் தேடித்தரும் இந்தியன் கானூன் போன்ற தளங்கள் (தொடக்கம் 2008) சட்டக் கல்விக்குப் பெருந்தொண்டு ஆற்றின. ஆயினும், பெயரைத் தட்டினால் பழைய வழக்கு முதல் வரியில் வந்து நிற்கும் நிலையும் தோன்றிற்று.

இதன் விளைவு சென்னை உயர் நீதிமன்றத்திலேயே எழுந்தது. ஒரு குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டு, 2014இல் மேல்முறையீட்டில் விடுதலை பெற்ற ஒருவர், அத்தீர்ப்பிலிருந்து தம் பெயரை நீக்கக் கோரினார். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஆகத்து 3 அன்று, இதற்குரிய அளவுகோலைத் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வகுக்க வேண்டும் எனக் கூறி மனுவைத் தள்ளுபடி செய்தார். மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரி 27 அன்று இதை மாற்றி, பெயரை நீக்க உத்தரவிட்டது. இந்தியன் கானூன் முறையிட்டதன் பேரில் உச்ச நீதிமன்றம் 2024 சூலையில் அவ்வுத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. தீர்ப்பு பொது ஆவணம் எனும் பழைய வாதமே மீண்டும் முன்வைக்கப்பட்டது.

ஐரோப்பிய நீதிமன்றம் 2014 மே மாதத்தில் கூகுள் ஸ்பெயின் வழக்கில் வேறு வழியைக் கண்டது. நாளிதழின் பழைய அறிவிப்பு அதன் பக்கத்தில் அப்படியே இருக்கலாம், ஒருவர் பெயரைத் தேடும்போது அவ்விணைப்பைத் தேடுபொறி காட்ட வேண்டியதில்லை என்பது அதன் முடிவு. ஆவணத்தையும் தேடலையும் பிரித்துப் பார்க்கும் இம்முறை, தீர்ப்பின் வாசகத்தையே திருத்துவதைவிடப் பொருத்தமானது. வரலாறு அழிவதில்லை, வேலை கேட்டுச் செல்பவரை அது துரத்துவதும் குறைகின்றது.

சட்டத்தின் நிலை

ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகத்து 24 அன்று புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக உறுதி செய்தது. முன்னர் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த சஞ்சய் கிஷன் கவுல், தம் தனித் தீர்ப்பில், இணையம் எதையும் மறப்பதில்லை என்பதால் எழும் இடரை விரிவாக ஆராய்ந்தார்.

2023இல் இயற்றப்பட்ட எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை அழிக்கக் கோரும் உரிமையைத் தருகின்றது. ஆயின், சட்டக் கடமையின்படி பொதுவில் வைக்கப்பட்ட தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது. நீதிமன்றங்கள் தம் நீதிப்பணிக்காகக் கையாளும் தரவுக்கு அழிப்புரிமை உள்ளிட்டவற்றிலிருந்து விலக்கு உண்டு. சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அழிப்புரிமை உள்ளிட்ட பெரும்பாலான பிரிவுகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டன.