ஒரு அங்குலம் கீழே: 1965 மஸ்டாங்கும் நாலு ஓட்டைகளும்

இன்னைக்கு எபிசோட் ஒரு அங்குலத்தைப் பத்தி. ஆமா, ஒரே ஒரு அங்குலம். அமெரிக்காவின் ரொம்பப் பிரபலமான ஒரு காரில், முன்பக்கம் நாலு ஓட்டைகளை ஒரு அங்குலம் தள்ளிப் போட்டார்கள். அதனால் என்ன ஆனது, ஏன் அடுத்த வருஷமே அதை நிறுத்தினார்கள், அதே ஊர்ல அதே காலத்துல வேற சிலர் காரைத் தாழ்த்தினதுக்கு ஏன் போலீஸ் நிறுத்தினாங்க. இதெல்லாம்தான் இன்றைய கதை.

‘ஃபோர்ட் வெர்சஸ் ஃபெராரி’ படம் பார்த்திருப்பீங்க. மேட் டேமன் நடித்த கரோல் ஷெல்பி, கிறிஸ்டியன் பேல் நடித்த கென் மைல்ஸ். படம் 1966 லே மான்ஸ் பந்தயத்தை நோக்கி ஓடுகிறது. நம்ம கதை அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1964 கடைசியில் தொடங்குகிறது.

1964 ஏப்ரல் 17. நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்ட் நிறுவனம் மஸ்டாங்கை அறிமுகப்படுத்தியது. ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் 12 மாதத்தில் 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. நீளமான முன்பக்கம், குட்டையான பின்பக்கம், இளைஞர்கள் வாங்கக்கூடிய விலை. பார்த்தவுடனே பிடிக்கும் கார்.

ஆனா அந்த அழகான உடம்புக்குக் கீழே இருந்தது என்ன தெரியுமா? ஃபால்கன். 1960 மாடலாக வந்த சிக்கனமான குடும்பக் கார். மஸ்டாங்கை சீக்கிரமா, செலவு குறைவா கொண்டுவரணும்னு ஃபால்கனின் அடித்தளத்தையே எடுத்துக்கொண்டார்கள். முன்பக்க சஸ்பென்ஷனும் அங்கிருந்து வந்ததுதான். ஆறு சிலிண்டர் இன்ஜினோட கடைக்குப் போய் வர அது தாராளமா போதும். பந்தயத்துக்கு அது போதவில்லை.

ஃபோர்ட் பிரிவின் தலைவர் லீ ஐயகோக்காவுக்கு அது தெரியும். மஸ்டாங் வெறும் ஸ்டைல் கார்னு பெயர் எடுத்துவிடக் கூடாது, பந்தயத்தில் ஜெயிக்கணும். அதுக்கு அவர் போன இடம் கரோல் ஷெல்பி. டெக்சாஸ்காரர், ஒரு காலத்தில் கோழிப் பண்ணை வைத்தவர், 1959ல் லே மான்ஸ் ஜெயித்தவர், இதய நோயால் 1960ல் பந்தயத்தை விட்டவர். அதுக்கப்புறம் கலிஃபோர்னியாவில் வெனிஸ் என்ற இடத்தில் பட்டறை போட்டு, கோப்ரா கார்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மஸ்டாங்கைப் பந்தயத்தில் ஓட்டணும்னா எஸ்சிசிஏ, அதாவது அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் கிளப், ஒத்துக்கணும். அவங்க போட்ட நிபந்தனைகள் கவனிக்க வேண்டியவை. ஒண்ணு, அது ரெண்டு சீட் காரா இருக்கணும். ஷெல்பி பின் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஸ்டெப்னி டயரை வைத்தார். ரெண்டாவது, 1965 ஜனவரி 1க்குள் குறைந்தது 100 கார்கள் தயாராகி இருக்கணும். மூணாவது நிபந்தனைதான் நம்ம கதைக்கு முக்கியம். கடையில் விற்கும் காரையும் பந்தயக் காரையும் ஒப்பிட்டால், இன்ஜினை மாற்றலாம், இல்லேன்னா சஸ்பென்ஷனை மாற்றலாம். ரெண்டையும் மாற்றக் கூடாது.

யோசிச்சுப் பாருங்க. பந்தயக் காருக்கு நல்ல இன்ஜினும் வேணும், நல்ல சஸ்பென்ஷனும் வேணும். அப்போ வழி ஒண்ணுதான். பந்தயத்துக்கு வேண்டிய சஸ்பென்ஷனை, கடையில் விற்கும் ஒவ்வொரு காரிலும் போட்டே ஆகணும். 1965 ஷெல்பி ஜிடி350 ரோட்டில் அவ்வளவு முரட்டுத்தனமா ஓடியதுக்குப் பெரிய காரணம் இந்த விதிதான்.

அந்த சஸ்பென்ஷன் வேலையின் மையத்தில்தான் நாலு ஓட்டைகள் வருகின்றன. அதற்குப் பின்னால் இருந்தவர் கிளாஸ் ஆர்னிங், ஃபோர்டின் சஸ்பென்ஷன் இன்ஜினியர். சக்கரம் எப்படி அசையும் என்ற கணக்கைக் கணினியில் போட்டுப் பார்க்க ஆரம்பித்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். பெரிய 427 கோப்ராவின் சஸ்பென்ஷனிலும் அவர் கை உண்டு. அதனால் மஸ்டாங் வைத்திருப்பவர்கள் இந்த மாற்றத்தை இன்றும் ‘ஆர்னிங் டிராப்’ என்கிறார்கள். ‘ஷெல்பி டிராப்’ என்பவர்களும் உண்டு.

சரி, அது என்ன மாற்றம்? படம் காட்ட முடியாது, அதனால் உங்க கையையே படமா வச்சுக்கலாம். பஸ்ஸில் இருக்கீங்கன்னா பக்கத்தில் ஆள் இல்லைன்னு பார்த்துக்கோங்க.

வலது கையைப் பக்கவாட்டில் நீட்டுங்க. தோள்தான் காரின் உடம்பு. கைதான் மேல் கன்ட்ரோல் ஆர்ம். விரல் நுனி டயரின் மேல்பாகத்தைப் பிடித்திருக்கிறதுன்னு வச்சுக்கோங்க. இப்போ கையைத் தோளைவிடக் கொஞ்சம் கீழே இறக்கி, அங்கிருந்து மெதுவா மேலே தூக்குங்க. விரல் நுனி எங்கே போகுது? உடம்பை விட்டு வெளியே நகருது. அடுத்து, கையைத் தோளைவிடக் கொஞ்சம் மேலே வைத்து, அங்கிருந்து தூக்குங்க. இந்தத் தடவை விரல் நுனி தலைப் பக்கமா உள்ளே வருது.

இவ்வளவுதான் விஷயம். கார் வேகமா வளைவில் திரும்பும்போது உடம்பு வெளிப்பக்கம் சாயும். அந்தப் பக்கத்துச் சக்கரம் உடம்பைப் பொறுத்தவரை மேலே ஏறும். பழைய மஸ்டாங்கில் அப்போது டயரின் மேல்பாகம் வெளியே சாய்ந்தது, உங்க கையின் முதல் நிலை மாதிரி. அதாவது கார் சாயும் திசையிலேயே டயரும் சாயும். டயர் தன் வெளி விளிம்பில் நிற்கும். பிடிப்பு அதிகமா வேண்டிய நேரத்தில் ரப்பரில் பாதிதான் ரோட்டில் இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்புவீங்க, கார் நேரா போகும்.

ஆர்னிங்கின் பதில், தோளைக் கீழே இறக்கு என்பதுதான். மேல் ஆர்ம் காரின் உடம்போடு சேரும் இடத்தில் பக்கத்துக்கு ரெண்டு போல்ட் ஓட்டைகள். அவற்றுக்குக் கீழே ஒரு அங்குலம் தள்ளி, மொத்தம் நாலு புது ஓட்டைகள். ஆர்மைக் கழற்றி அங்கே மாட்டினால், கை ரெண்டாவது நிலைக்கு வந்துவிடுகிறது. சக்கரம் மேலே ஏறும்போது டயரின் மேல்பாகம் உள்ளே வரும். கார் சாய்ந்தாலும் டயர் ரோட்டில் முழுசா உட்காரும்.

கூடவே காரின் முன்பக்கமும் கொஞ்சம் இறங்கியது. மஸ்டாங்கில் ஸ்பிரிங் மேல் ஆர்மின் மேலேதான் உட்கார்ந்திருக்கும். சீசா பலகை மாதிரி, உள்முனை கீழே போனால் வெளிமுனை மேலே வரும். சக்கரம் மேலே வந்தால் கார் கீழே இறங்கணும். ஒரு அங்குல மாற்றத்துக்கு உயரம் குறைந்தது சுமார் முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. கவனிங்க, காரைத் தாழ்த்துவது நோக்கமே இல்லை. கை இருக்கும் கோணத்தைச் சரிசெய்தார்கள், தாழ்வு கூட வந்தது.

இது முக்கியமான வித்தியாசம். காரைத் தாழ்த்த இன்னும் சுலபமான வழி ஒண்ணு எப்பவும் இருந்திருக்கு, ஸ்பிரிங்கை வெட்டுவது. வெட்டினால் கார் இறங்கும், பார்க்க கெத்தா இருக்கும். ஆனா சக்கரம் மேலே ஏற இருக்கும் இடம் குறையும், சின்னப் பள்ளத்துக்கே அடியில் போய் இடிக்கும். தோள் அதே உயரத்திலேயே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் தாழ்ந்த கார்கள்தான். வளைவில் திரும்பும்போதுதான் எது எதுன்னு தெரியும்.

ஷெல்பி ஆட்கள் இதோடு கோனி ஷாக் அப்சார்பர்களையும் தடிமனான ஆன்டி-ரோல் பாரையும் போட்டார்கள். 289 கியூபிக் இன்ச் இன்ஜின் 271 குதிரைத்திறனிலிருந்து 306க்கு ஏறியது. கார்கள் எல்லாமே வெள்ளை நிறம். விலை 4,547 டாலர். சாதாரண மஸ்டாங்கின் ஆரம்ப விலையோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

1965 பிப்ரவரி 14. டெக்சாஸில் கிரீன் வேலி என்ற பந்தயத் தடம். கென் மைல்ஸ் ஜிடி350ஐ ஓட்டினார். ஒரு மேட்டில் ஏறிக் குதித்த கார், நாலு சக்கரமும் தரையை விட்டு மேலே நிற்கும் படம் அன்றைக்கு எடுத்ததுதான். முதல் பந்தயத்திலேயே ஜெயித்தார்கள். அடுத்து 1965, 1966, 1967 என மூணு வருஷமும் தன் பிரிவில் தேசிய சாம்பியன் பட்டம் ஜிடி350க்கே போனது.

அப்புறம் ஏன் நிறுத்தினார்கள்? பணம்தான். ஒவ்வொரு புது காரின் முன்பக்கத்தையும் பிரித்து, ஓட்டை போட்டு, திரும்ப மாட்டுவதற்கு ஆள் வேணும், நேரம் வேணும். 1965ல் கட்டியவை 562 கார்கள். 1966ல் நிறைய பேர் வாங்கும் காரா இருக்கணும்னு முடிவானது. ஆட்டோமேட்டிக் கியர் வந்தது, பின் சீட் திரும்ப வந்தது, ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனத்துக்கே சுமார் 1,000 கார்கள் போயின. 1966ன் முதல் 252 கார்கள் மிச்சமிருந்த 1965 கார்களிலிருந்து கட்டப்பட்டவை. அவற்றோடு அந்த ஒரு அங்குலமும் முடிந்துபோனது.

வாங்கியவர்களில் பலருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. தெரிந்திருக்கக்கூடிய கென் மைல்ஸ், 1966 ஆகஸ்ட் 17ல் ரிவர்சைட் தடத்தில் ஒரு புதிய ஃபோர்ட் பந்தயக் காரைச் சோதித்தபோது விபத்தில் இறந்தார்.

இந்த இடத்தில் கதையை முடிக்கலாம். ஆனா அதே தெற்குக் கலிஃபோர்னியாவில் இன்னொரு கதையும் நடந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் மெக்சிகன்-அமெரிக்க இளைஞர்கள், ரெண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வருஷங்களிலேயே காரைத் தாழ்த்த ஆரம்பித்துவிட்டார்கள். டிக்கியில் மணல் மூட்டை வைப்பது, ஸ்பிரிங்கை வெட்டுவது. இவங்களுக்கு வேகம் நோக்கமே இல்லை. மெதுவா, அழகா, ஊர் பார்க்கத் தெருவில் போகணும். இதுதான் லோரைடர் கலாசாரம். 1950களின் கடைசியில் கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. காரின் எந்தப் பாகமும் சக்கர வட்டின் அடி விளிம்பைவிடக் கீழே இருக்கும்படி மாற்றக் கூடாது. 1959ல் ரான் அகிரே என்பவர் இதுக்கு ஒரு பதில் கண்டுபிடித்தார். விமானத்தில் பயன்படும் ஹைட்ராலிக் பம்புகளைத் தன் கார்வெட்டில் பொருத்தினார். சுவிட்சைத் தட்டினால் கார் இறங்கும். போலீஸ் வந்தால் இன்னொரு தட்டு, சட்டப்படியான உயரத்துக்கு ஏறிவிடும்.

நியாயமா சொல்லணும்னா ரெண்டும் ஒண்ணு இல்லை. ஷெல்பியின் கார் அந்தச் சட்டத்தைத் தொடவே இல்லை, அவ்வளவு தாழவும் இல்லை. ஆனா ஒரு பக்கம் தாழ்த்தியதைக் கிளப்பின் விதியே தூண்டியது, விலையோடு சேர்த்து விற்றார்கள். இன்னொரு பக்கம் அதுவே போலீஸ் வண்டியை நிறுத்தக் காரணமானது. பல ஊர்கள் கும்பலாக மெதுவாக வண்டி ஓட்டுவதற்கும் தடை போட்டன. அந்த உயரச் சட்டத்தையும் ஊர்களின் தடை அதிகாரத்தையும் நீக்கும் மசோதாவில் கலிஃபோர்னியா ஆளுநர் கையெழுத்திட்டது 2023ல். நடைமுறைக்கு வந்தது 2024 ஜனவரி 1. அறுபது வருஷத்துக்கும் மேல.

இன்னைக்கு நிலைமை என்ன? கிரீன் வேலியில் கென் மைல்ஸ் ஓட்டிய அதே கார் 2020ல் ஏலத்தில் 38.5 லட்சம் டாலருக்குப் போனது. இன்னொரு பக்கம், சாதாரண பழைய மஸ்டாங் வைத்திருக்கும் யாரும் வீட்டு ஷெட்டிலேயே அந்த வேலையைச் செய்துகொள்ளலாம். அளவு குறித்த ஒரு அச்சு, ஒரு டிரில் மெஷின், ஒரு சனிக்கிழமை. ஸ்பிரிங்கைக் கழற்றும்போது மட்டும் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், அது தெறித்தால் ஆளையே கொல்லும். ஒரு அங்குலத்துக்கு மேல் ஆசைப்பட்டால் பால் ஜாயின்ட் தன் கோணத்தின் எல்லைக்குப் போய் இறுகிவிடும், அதுக்கு வேற உதிரி பாகம் தேவைப்படும்.

ஓட்டை போட்ட பிறகும் பழைய ஓட்டைகள் அப்படியே மேலே தெரியும். அடுத்த தடவை எங்காவது 1965 ஜிடி350 ஒன்றைப் பார்க்கக் கிடைத்தால், பானட்டைத் திறக்கச் சொல்லி இன்ஜினை மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க. குனிஞ்சு சக்கரத்துக்கு உள்பக்கம் பாருங்க. காலியா இருக்கும் ஓட்டை ஃபோர்ட் போட்டது. அதுக்குக் கீழே போல்ட்டோட இருப்பது ஷெல்பி ஆட்கள் போட்டது.

நீங்க எந்த வண்டியை, எதுக்காகத் தாழ்த்தினீங்க, இல்லை ஏத்தினீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.