பழமை குன்றாத் திருப்பணி

திருக்கோயில் என்பது கல்லாலும் சுதையாலும் எழுப்பிய கட்டடம் மட்டும் அன்று. ஓர் ஊரின் வழிபாடும் வரலாறும் கலையும் ஒருங்கே குடிகொண்ட இடமாகும். பழைய கோட்டைகளும் கொத்தளங்களும் பெரும்பாலும் பயன் ஒழிந்து காட்சிப் பொருள்களாய் நிற்கின்றன. ஆனால், ஆயிரம் ஆண்டு கடந்த கோயில்களிலோ இன்றும் காலந்தோறும் பூசை நடைபெறுகின்றது. ஆகவே, பழமையைக் காத்தல், இன்று வரும் அடியார்க்கு வேண்டுவன அமைத்தல் என்னும் இரு கடமைகளும் திருப்பணி செய்வோர்க்கு உண்டு. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகை அல்ல என்பதற்கு நம் வரலாறே சான்று பகர்கின்றது.

கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழரின் அன்னையாரும் ஆகிய செம்பியன் மாதேவியார், பத்தாம் நூற்றாண்டில் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கிய பெருமாட்டியார் ஆவர். திருக்கோடிக்காவில் அத்திருப்பணி நிகழ்ந்தபொழுது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கச் செய்தனர். அவை பழங்கற்களின் படி என்பதையும் அங்கேயே குறித்து வைத்தனர். என்னே அவர்தம் பெருந்தகைமை! தாம் செய்த பணி விளங்க, முன்னோர் செய்த அறம் மறைய வேண்டும் என்று அவர் கருதினார் அல்லர். கல்வெட்டு அழியுமாயின், நிலம் ஈந்த அரசர் பெயரோடு, நந்தா விளக்குக்கு ஆடு அளித்த எளிய அடியார் பெயரும் அழிந்துபோம் அன்றோ?

அண்மைக் காலத்தில் நல்லெண்ணத்தோடு செய்த பணியே சில இடங்களில் கேடாய் முடிந்ததுண்டு. எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவதற்காக மணலை விசையுடன் வீசிக் கல்லைத் துலக்கினர். அழுக்கோடு எழுத்தும் சிற்பத்தின் நுண்மையும் தேய்ந்தன. பழஞ்சுவரில் சிமெண்டு பூசினர். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்துச் செங்கல் உதிர்ந்தது. கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரையோ ஈரத்தை உள்ளே தேக்காது வெளிவிடும் இயல்புடையது. தரையை மேன்மேலும் உயர்த்தியதால் அதிட்டானமும் அதிலுள்ள சாசனங்களும் மண்ணுள் மறைந்த கோயில்களும் உள.

நன்னெறியில் நடந்த பெரும்பணிக்குத் திருவரங்கத்தை எடுத்துக் காட்டலாம். ஏழு திருச்சுற்றுகளும் இருபத்தொரு கோபுரங்களும் கொண்ட அப்பெருங்கோயிலில், பிற்காலத்தில் பொருந்தாமற் சேர்ந்த கட்டடங்கள் அகற்றப்பெற்றன. பழைய முறையிலேயே பழுதுகள் நீக்கப்பெற்றன. மழைநீர் தேங்காது வெளியேறிப் பயன்படுமாறு முன்னோர் வகுத்த வடிகால்களும் மீண்டும் உயிர்பெற்றன. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரிலும் நவம்பரிலும் இரு கட்டமாகச் சம்ப்ரோக்ஷணம் நடந்தேறியது. 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது இப்பணிக்குக் கிடைத்தது. இன்றைய தேவைக்கு விடை பழைய அமைப்பிலேயே கிடைத்தது என்பது இதில் நாம் அறியத்தக்க உண்மையாகும்.

எனினும் மின்விளக்கு, குடிநீர், பெருங்கூட்டத்திற்கேற்ற வழி முதலியன இக்காலத்திற்கு இன்றியமையாதன. அவற்றை அமைப்பதில் அழகினும் பாதுகாப்பே முதன்மையானது. 1997-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் தஞ்சைப் பெரியகோயில் யாகசாலைப் பந்தலில் தீப்பற்றி, 40-க்கும் மேற்பட்ட அடியார்கள் உயிர் நீத்த துயரம் மறக்கற்பாலதன்று. 23 ஆண்டுகட்குப் பின், 2020 பிப்ரவரி 5-ஆம் நாள் அங்கே குடமுழுக்கு நிகழ்ந்தபொழுது, யாகசாலை கோயிலுக்கு வெளியே அமைக்கப்பெற்றது. மதுரையிலும் 2018 பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு, கடைகள் நிறைந்திருந்த வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ மூண்டது. நாயக்கர் காலத் தூண்களும் மேற்கூரையும் சிதைந்தன. மக்களுக்கு வசதி என்று பழமையான மண்டபத்துள் நாம் சேர்ப்பது, மக்களுக்கும் மண்டபத்திற்கும் ஊறு செய்யாதிருத்தல் வேண்டும்.

பொருள் வழங்கும் புண்ணியசீலர்கள் இதனைச் சிந்தித்தல் தகும். பளபளக்கும் தளக்கல்லும் வண்ணப் பூச்சும் கண்ணுக்கு உடனே தெரியும். கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றை வேரோடு களைந்ததும், தூர்ந்த வடிகாலைத் திறந்ததும், கல்வெட்டைப் படியெடுத்துக் காத்ததும் எவர் கண்ணுக்கும் புலப்படா. ஆயினும் கோயிலை நூறாண்டு நிலைநிறுத்துவன இவையே. பணி தொடங்குமுன் கல்வெட்டறிஞரையும் மரபறிந்த ஸ்தபதியாரையும் கலந்துகொள்வதும், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயிலாயின் அதன் இசைவைப் பெறுவதும் இன்றியமையாதன. இவற்றைத் தடை என்று கொள்ளாது துணை என்று கொள்ளல் வேண்டும்.

நாம் இக்கோயில்களுக்கு உரிமையாளர் அல்லேம். முன்னோர் ஒப்படைத்ததைப் பின்னோர்க்குக் கைமாற்றும் காவலரே ஆவோம். செம்பியன் மாதேவியார் காட்டிய அந்நெறியில் நின்று, பழமை குன்றாமலும் பயன் குறையாமலும் திருப்பணிகள் சிறக்க, எல்லாம் வல்ல இறைவன் திருவருள் முன்னிற்பதாக.