கரிசல் மண்ணில் கைப்பழக்கம்

சிவகாசியை ஒட்டிக் கிடக்கும் விஸ்வநத்தம் என்னும் ஊரின் பெயரைப் புதிதாகக் கேட்போர், அதனை விஸ்வநாதம் என்று திருத்திச் சொல்ல முற்படுவதுண்டு. சிவகாசிக் கோயிலில் எழுந்தருளியிருக்கும் காசி விஸ்வநாதரின் நினைவு அவர்களை அவ்வாறு தூண்டுகிறது போலும். நத்தம் என்பதோ குடியிருப்பு நிலத்தைக் குறிக்கும் பழஞ்சொல். வீட்டுமனைக்குப் பட்டா வாங்க அலைகிறவர்கள் வாயில் இன்றும் புழங்குவது. வயலும் அல்லாமல் காடும் அல்லாமல் மனிதர் அடுப்பு மூட்டி வாழும் இடம் நத்தம். அடுப்பு மூட்டுகிற குச்சியே இந்த வட்டாரத்தாருக்கு ஜீவனமாக வாய்த்துவிட்டமையால், பெயர் எப்படியோ பொருந்தித்தான் போயிற்று என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

தொழிலில் சோர்வின்றி முன்னேறுவது எவ்வாறு என்று உபதேசிக்கும் புத்தகங்கள் இக்காலத்தில் புகைவண்டி நிலையக் கடைகளில் அடுக்கடுக்காக விற்கின்றன. உத்வேகத்தை உள்ளத்தில் தேடு, விழுந்தால் எழு என்பதே அவற்றின் சாரம். குற்றமில்லை. ஆயினும், இந்தக் கந்தக பூமியின் ஒரு நூற்றாண்டுச் சரித்திரத்தைப் பொறுமையாகப் புரட்டிப் பார்க்கிறவனுக்கு, விழுந்தவன் எழுந்தது அவனுடைய நெஞ்சுரத்தால் மட்டுந்தானா, அல்லது அவன் விழுந்த இடத்தில் யாரோ முன்கூட்டிப் பரப்பி வைத்திருந்த வைக்கோலாலுமா என்ற ஐயம் எழாமற் போகாது.

வானம் பார்த்த பூமி இது. கம்பும் சோளமும் பருத்தியும் மழையை நம்பி விளைவன. வைப்பாறும் அர்ஜுனா நதியும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பன. இத்தகைய மண்ணில் உழவைவிட வியாபாரத்தையே நம்பி நின்ற நாடார் சமூகத்தார்க்கு, அந்த வியாபாரத்தையும் ஒரே நாளில் சாம்பலாக்கிய சம்பவம் ஒன்று நேர்ந்தது. சிவகாசி விஸ்வநாத சுவாமி கோயிலுக்குள் நுழையும் உரிமையைக் குறித்து மூண்ட பூசல், 1899ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி, சுற்று வட்டாரத்திலிருந்து திரண்டு வந்த ஆயிரக்கணக்கானோர் ஊரைத் தாக்கிய பெருங்கலகமாக முடிந்தது. நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன; உயிர்களும் போயின. சிவகாசிக் கொள்ளை என்ற பெயரால் அது இன்றும் பேசப்படுகிறது. இதே உரிமை பற்றிய கமுதிக் கோயில் வழக்கு, லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் நாடார்களுக்குப் பாதகமாகவே தீர்ந்தது. அடியும் பட்டு, வழக்கும் தோற்ற ஒரு சமூகம் அடுத்த கால் நூற்றாண்டில் என்ன செய்தது என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

அவர்களிடம் மகமை என்றொரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வியாபாரியும் கைமாறும் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுப் பெட்டியில் இட்டுவிட வேண்டும். லாபம் வந்ததா, நஷ்டம் வந்ததா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. இப்படிச் சேர்ந்த பணத்தை உறவின்முறை நிர்வகித்தது. வண்டிகளும் சரக்கும் பாதுகாப்பாகத் தங்குவதற்கான பேட்டைகள், கிணறுகள், பள்ளிக்கூடங்கள் ஆகியவை அதிலிருந்தே உண்டாயின. விருதுநகரில் எழுந்த க்ஷத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் சமையலுக்கு முன் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பிடி அரிசிப் பள்ளியில்தான் காமராஜர் படித்தார், படிப்பை இடையில் விட்டும் விலகினார். ஒரு பிடி அரிசியினால் எந்தக் குடும்பமும் பட்டினி கிடந்துவிடாது; ஆனால் ஒரு தலைமுறைக்கு எழுத்தும் கணக்கும் அதனால் வந்துவிடுகிறது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டதும் இந்த மனப்பான்மையின் நீட்சியே. நான் சொன்ன வைக்கோல் இதுதான்.

அதற்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில், பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். ஜப்பானியக் குடும்பங்கள் சில அந்நகரில் குடியேறிச் சிறு அளவில் தீப்பெட்டி செய்ய, அதைப் பார்த்து வங்காளிகளும் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. அரசாங்கம் 1922இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்குக் குரோஸ் ஒன்றுக்கு, அதாவது நூற்று நாற்பத்து நான்கு பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் இறக்குமதித் தீர்வை விதித்திருந்தபடியால், உள்நாட்டில் செய்தால் விற்கும் என்ற நிலை உண்டாகியிருந்தது. மொழி தெரியாத நகரத்தில், மீன் குழம்பின் வாடையில், இவ்விருவரும் ஏறத்தாழ எட்டு மாத காலம் தங்கித் தொழில் கற்றுத் திரும்பினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. அந்த எட்டு மாதத்தையே நம்மவர் வியந்து பேசுகிறார்கள். பிள்ளைகளுக்குக் கதையாகவும் சொல்கிறார்கள். எனக்கோ திரும்பி வந்த பிற்பாடுதான் கதை ஆரம்பிப்பதாகத் தோன்றுகிறது.

ஏனெனில், தீர்வையின் ஆதாயத்தைக் கண்டது சிவகாசி மட்டுமன்று. உலகத்துத் தீக்குச்சியில் பெரும்பங்கைத் தன் கைக்குள் அடக்கியிருந்த ஸ்வீடன் தேசத்து இவார் குரூகர் என்னும் தனவந்தர், அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்து ஏகபோக உரிமை வாங்குகிறவர், இந்தியாவுக்குள்ளேயே விம்கோ என்ற கம்பெனியை நிறுவி, பெரும் இயந்திரங்களைக் கொண்டு தீப்பெட்டியை உற்பத்தி செய்யத் தொடங்கினார். சிவகாசியிலும் முதலில் இயந்திரம் வைத்துத்தான் ஆரம்பித்தார்கள் என்றும், செலவு கட்டாமல் விரைவிலேயே கைவேலைக்கு மாறினார்கள் என்றும் சொல்வர். பின்வாங்கியது போலத் தோன்றும் இந்த மாற்றமே அவர்களை நிலைநிறுத்திற்று. ஆலைக்குள் மட்டும் நடக்க வேண்டிய வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, அபாயமில்லாத பகுதிகளை வீடுகளுக்கு அனுப்பினார்கள். மழை பெய்யாத வருஷத்தில் காட்டுவேலை இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த விஸ்வநத்தம் போன்ற ஊர்களின் கைகள் அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டத் தொடங்கின. குரூகர் 1932ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாரிஸ் நகரில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். அவருடைய சாம்ராஜ்யம் கடனில் கட்டிய கோட்டையென்று உலகம் அறிந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1934இல், உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் சர்க்கார் வரி விதித்தது. அதையும் சிவகாசி தாங்கிற்று.

தாங்கிய விதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். எழுத்தறியாத வாடிக்கையாளன் படத்தைப் பார்த்தே பெட்டியைக் கேட்பான். அந்தப் படத்தை வெளியூரில் அச்சிட்டு வரவழைப்பானேன் என்று லித்தோ அச்சகங்கள் இங்கேயே வந்தன. அச்சு வந்ததும் வாழ்த்து அட்டை, நோட்டுப் புத்தகம், சாமி படம், நாட்காட்டி என்று அது தனித் தொழிலாகவே கிளைத்தது. மற்றொரு பக்கம், வர்ணத் தீக்குச்சியான மத்தாப்புத் தீப்பெட்டியில் பழகிய கை, கம்பி மத்தாப்புக்குப் போயிற்று, அங்கிருந்து வெடிக்கு. வெடிமருந்துத் தயாரிப்புக்கு 1940இல் லைசென்ஸ் முறை ஏற்பட்டதும், யுத்தத்தினால் வெளிநாட்டுச் சரக்கு நின்றதும் ஒரே சமயத்தில் கூடி வந்தன. ஸ்டாண்டர்டு பட்டாசு ஸ்தாபனம் பிறந்தது 1942இல், உலகம் வேறு வகை வெடிகளில் மூழ்கியிருந்தபோது. தொழிலை விட்டுவிடவில்லை, தொழிலைப் பிடித்துக்கொண்டு சாகவுமில்லை. தெரிந்த வேலையின் ஓரத்தில் இருக்கும் அடுத்த வேலையை எட்டிப் பிடித்தார்கள். மயிலும் சேவலும் அணிலும் பட்டாசுப் பெட்டியின் மேல் ஏறி இந்தியா முழுவதும் போயின. நேரு இவ்வூரைக் குட்டி ஜப்பான் என்று அழைத்ததாக ஊரார் பெருமையுடன் சொல்வார்கள். அது கல்கத்தா ஜப்பானியருக்கு ஒரு குரு வந்தனம் போல அமைந்ததும் ஒரு விசித்திரந்தான்.

இதுவரை சொன்னது முதலாளிகளின் கதை. கட்டை அடுக்குகிறவளின் கதை வேறு.

கட்டை அடுக்குதல் என்றால் என்னவென்று அறியாதவர்க்குச் சொல்கிறேன். பள்ளமிட்ட மெல்லிய மரச் சட்டங்களில், பள்ளத்துக்கு ஒரு குச்சியாக, கேரளத்து மென்மரத்தில் அறுத்த வெள்ளைக் குச்சிகளைப் பதிக்க வேண்டும். ஒரு சட்டம் நிரம்பியதும் அதன் மேல் அடுத்த சட்டம். எல்லாம் நிரம்பிய பின் இறுக்கித் திருகி, நுனிகள் ஒரே மட்டமாக நிற்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள். ஒரு குச்சி துருத்தினாலும் அதன் தலையில் மருந்து கூடும், ஒன்று உள்வாங்கினால் மருந்தே ஏறாது. அப்புறம் நுனிகளை மெழுகில் தோய்த்து, மருந்தில் முக்கி, காய வைக்கிறார்கள். பழகிய பெண் குச்சியைப் பார்ப்பதில்லை. இடக்கை குவியலில் அளைய, வலக்கை சட்டத்தில் தடவ, குச்சிகள் தாமாகவே போய்ப் பள்ளத்தில் படுத்துக்கொள்வன போலத் தோன்றும். வாய் மட்டும் பக்கத்தில் இருப்பவளோடு மகளின் பூப்புச் சடங்குக்கு எவ்வளவு மொய் வந்தது என்று பேசிக்கொண்டிருக்கும். கூலி கட்டைக்கு இவ்வளவு. நேரத்துக்கு அன்று. ஆகவே, பேச்சு நிற்கலாம், கை நிற்கலாகாது.

இந்தக் கைப்பழக்கம் எந்த வயதில் வந்தது என்று கேட்டால், ஊரில் நடுவயது கடந்த பெண்கள் பலர் சிரித்து மழுப்புவார்கள். விடிவதற்கு முன் கிராமம் கிராமமாகச் சென்று சிறுவர் சிறுமியரை ஏற்றிவந்த கம்பெனி வண்டிகளின் காலம் அது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைத் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் வைக்கக்கூடாதென்றது. தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டம் முதன்முதலில் தொடங்கிய இடங்களில் சிவகாசியும் ஒன்று. இவ்வூர்க் குழந்தைகளின் பொருட்டு எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், குழந்தை ஒன்றுக்கு இருபதாயிரம் ரூபாய் முதலாளி செலுத்த வேண்டுமென்று 1996 டிசம்பர் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குட்டி ஜப்பானின் விடாமுயற்சியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தத் தேதியையும் சேர்த்து எழுதினால் நன்றாயிருக்கும். முதலாளி விழுந்தபோது அவர் கீழே மகமை இருந்தது. கட்டைக்கூலிப் பெண் விழுந்தபோது கீழே இருந்தது அவளுடைய மகள்.

பட்டாசு வேலையில் விழுவது என்பதற்கு வேறு பொருளும் உண்டு. மருந்துக் கலவையை வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. அறைக்கு அறை இடைவெளி வேண்டும். ஓடுவதற்கு வாசல்கள் திறந்தே இருக்க வேண்டும். இவையெல்லாம் இறந்தவர்கள் எழுதிய விதிகள். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்ததில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போயின. அப்படியொரு விபத்துக்குப் பிறகும் அடுத்த வாரம் வேலைக்குப் புறப்படுகிறவளைக் கண்டு, என்ன மனத்திண்மை என்று வெளியூரார் வியப்பதைக் கேட்டிருக்கிறேன். அவளிடம் கேட்டால், வாரக் குழுவுக்குக் கட்ட வேண்டிய தவணையைச் சொல்வாள்.

2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சரவெடியையும், இங்கே பச்சை உப்பு என்று வழங்கும் பேரியம் நைட்ரேட்டையும் தடுத்துப் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் இடம் கொடுத்தது. பச்சை உப்பை நீக்கியதால் பசுமையாயிற்று என்பதில் உள்ள வேடிக்கையை ரசிக்கும் மனநிலை அப்போது யாருக்கும் இல்லை. அவ்வாண்டு நவம்பரில் மூடிய ஆலைகள் ஏறத்தாழ நான்கு மாதம் திறக்கவில்லை. தலைமுறையாகச் சரம் பின்னிய விரல்கள் நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடித்தன. சிலர் தீப்பெட்டிக்கே திரும்பினார்கள். மருந்துக் கலவை தெரிந்த போர்மேன்கள் புதிய சூத்திரத்தைக் கற்கப் பள்ளிப் பிள்ளைகளைப் போல் உட்கார்ந்தார்கள். தீப்பெட்டிக்கும் நல்ல காலமென்று சொல்வதற்கில்லை. பதினான்கு ஆண்டு ஒரு ரூபாயாகவே நின்ற பெட்டி 2021 டிசம்பர் 1ஆம் தேதிதான் இரண்டு ரூபாயாயிற்று. அதற்குள் பிளாஸ்டிக் லைட்டர்கள் பெட்டிக்கடைவரை வந்துவிட்டன.

ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று சிவகாசி அச்சகத்தார் அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவது வழக்கம். ஆறு ஓடாத ஊரில் பெருக்குக்கு வேறு கொண்டாட்டம் ஏது? ஒருமுறை அத்தகைய ஆல்பம் ஒன்றை ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பட்டாசு ஆலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் மூவர், முழங்கைவரை அலுமினியப் பொடி மின்ன, தெருவோடு வந்தவர்கள் நின்றார்கள். சாமி படங்களை அவர்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை. “அண்ணாச்சி, வர்ற வருசம் தீவாளி எப்ப விழுது?” என்று அவர்களில் மூத்தவள் கேட்டாள். நண்பர் தாளைத் தள்ளித் தேதியைச் சொன்னார். அவள் விரல் மடக்கி எண்ணினாள். இந்தத் தீபாவளி முடிந்து ஆலை திறக்கும் நாளிலிருந்து அந்தத் தேதிவரை எத்தனை மாதம், இடையில் மழையில் எத்தனை நாள் போகும் என்று. “போன வருசத்துக்குப் பத்து நாள் குறையுது” என்று மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டு நடந்தாள்.