சோழவரத்திலிருந்து தீவுத்திடல் வரை

ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்து அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாகப் பதில் போட விரல் ஒத்துழைக்கவில்லை, மன்னிக்கவும். வாழ்த்தோடு சேர்த்துப் பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள்: "சார், கார் ரேஸுக்கா போனீங்க? நீங்களா?"

அண்ணன் பேத்தி போட்ட போட்டோவால் வந்த வினை அது. ஆமாம், போனேன். ஆகஸ்ட் 31, சனிக்கிழமை, தீவுத்திடலுக்கு. பைக்கில் வேகமாக வந்தவர்களை ஸ்கூல் கேட்டில் நிறுத்தி சாவியைப் பிடுங்கிய அதே ஆள்தான். ஏன் போனேன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வரலாற்றுப் பாடம் என்றதும் ஓடுகிறவர்கள் ஓடலாம், அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டேன்.

சென்னையில் ஏதோ 2024-இல்தான் கார் பந்தயம் புதிதாக வந்ததுபோல டி.வி.யில் பேசினார்கள். எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. இந்த ஊருக்கும் பந்தயத்துக்கும் எழுபது வருட உறவு.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷார் மெட்ராஸுக்கு வடக்கே சோழவரத்தில் ஒரு விமான ஓடுபாதை போட்டார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்ட காலம். மெட்ராஸிலிருந்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள் என்று எங்கள் அம்மா சொல்வார். போர் முடிந்ததும் அந்த ஓடுபாதைக்கு வேலை இல்லை. இங்கிலாந்திலும் இதே கதைதான். இன்று உலகமே பார்க்கும் சில்வர்ஸ்டோன் தடம், போரில் குண்டுவீச்சு விமானங்கள் எழும்பிய தளம். 1948-இல் அங்கே பந்தயம் தொடங்கியது. நம் ஊரில் 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கினார்கள். சோழவரம் ஓடுபாதை அவர்களுடைய பந்தயக் களமாயிற்று.

ஓட்டியவர்கள் பெரும்பாலும் பெரிய இடத்துப் பிள்ளைகள். குஜராத்தின் கோண்டல் அரச குடும்பத்திலிருந்து வந்து ஓட்டினார்கள். விஜய் மல்லையா ஒரு பழைய ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். கோயம்புத்தூர் கரிவரதன் ஓட்டியதோடு நிற்காமல், மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைத் தானே வடிவமைத்துக் கட்டினார்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஓட்டியவர்களைப் பற்றி அல்ல, பார்க்கப் போனவர்களைப் பற்றி. அதை எந்தப் புத்தகமும் சரியாக எழுதவில்லை.

பார்க்கப் போனவர்களில் ஒருவர் என் அண்ணன். கிண்டி தொழிற்பேட்டையில் லேத் வேலை. 1970களின் நடுவில், நான் டீச்சர் டிரெய்னிங் சேருவதற்கு முன்னால், என்னையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இழுத்துக்கொண்டு போனார். கோவிலம்பாக்கம் அப்போது வயலும் ஏரியுமாக இருந்த கிராமம். விடியற்காலை நாலரை மணிக்கு ஒரே சைக்கிளில் இரண்டு பேர், கீழ்க்கட்டளை வழியாகப் பல்லாவரம். ஸ்டேஷன் வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு மின்சார ரயிலில் பீச். அங்கிருந்து பாரிமுனைக்கு நடை. பிறகு செங்குன்றம் பக்கம் போகும் பஸ். அந்த பஸ்ஸில் ஏறியதும்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பஸ் முழுக்க அண்ணனைப் போன்றவர்கள். ஃபிட்டர், டர்னர், வெல்டர், புதுப்பேட்டை மெக்கானிக். விரல் நகத்தில் கிரீஸ் போகாதவர்கள். ஒருவர் கையில் தூக்கு, இன்னொருவர் கையில் துண்டில் கட்டிய புளிசாதம். தெரியாதவர்கள்கூட செங்குன்றம் போவதற்குள் கார்புரேட்டரைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். திருவொற்றியூரில் என்ஃபீல்ட், எண்ணூரில் அசோக் லேலண்ட். நம் பக்கத்தில் வண்டலூர், பெருங்களத்தூர் ஓரம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. 1960களில் அங்கே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு சோழவரத்தில் ஓடிய கார்களில் ஒன்று. (அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இன்று ஐ.டி. கட்டடங்கள். அங்கே வேலை பார்க்கும் என் பழைய மாணவர்களுக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை.) மெட்ராஸ் வண்டி செய்கிற ஊர். தான் கடைந்த உருப்படி என்ன வேகம் தாங்கும் என்று பார்க்கத் தொழிலாளி போனான். பணக்காரர் விளையாட்டு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறவர்கள் அந்த பஸ்ஸில் ஏறியதில்லை.

சோழவரத்தில் வெயில், புழுதி, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. கயிறு கட்டியிருந்தார்கள். வளைவுகளில் வைக்கோல் கட்டுகள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் கார். பந்தய பைக்குகளில் ஆமணக்கு எண்ணெய் கலந்து ஓட்டுவார்கள். அந்தப் புகையின் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. அண்ணன் என்னைக் கண்ணை மூடச் சொல்வார். "எந்த வண்டி வருதுன்னு காதால சொல்லுடா." நான் ஜாவாவை என்ஃபீல்ட் என்பேன், தலையில் ஒரு குட்டு விழும். மாலைக்குள் நாலு வண்டியைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன். பிற்காலத்தில் திரும்பிப் பார்க்காமலே கடைசி பெஞ்சில் யார் பேசுகிறார்கள் என்று நான் கண்டுபிடித்தது எப்படி என்று கேட்பீர்களே, பயிற்சி அங்கே எடுத்ததுதான்.

பிறகு 1990 வாக்கில் கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு தடம் கட்டியது. சுமார் 3.7 கிலோமீட்டர், முறையான பந்தயத் தடம். சோழவரம் நின்றது. ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். இந்து சந்தோக் இந்தக் கிளப்பை வளர்த்தவர்களில் ஒருவர். அவருடைய பேரன் கருண் சந்தோக் 2010-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். அதற்கு முன்பே 2005-இல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அங்கே போய்விட்டார், இந்தியாவிலிருந்து முதல் ஆள். இரண்டுமே தமிழ்நாட்டு வீடுகள் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இருங்காட்டுக்கோட்டைக்கு அந்த பஸ் கூட்டம் போகவில்லை. அண்ணன் இரண்டு முறை போய்விட்டு நிறுத்திவிட்டார். தூரம் ஒரு காரணம். வீட்டுக்கு டி.வி. வந்தது இன்னொன்று. என் கணிப்பில் மூன்றாவது ஒன்றும் உண்டு. சோழவரத்தில் ஓடியது தெருவில் பார்க்கிற வண்டி. தடம் உயர உயர, வண்டி நம் கைக்கு எட்டாததாகிவிட்டது. 2011 அக்டோபர் 30-ஆம் தேதி டெல்லிக்குப் பக்கத்தில் ஃபார்முலா ஒன்னே வந்தபோது, என்னிடம் படித்த இரண்டு பையன்கள் ரயிலேறிப் போனார்கள். அண்ணன் டி.வி.யில் பார்த்தார், பாதியில் தூங்கிவிட்டார்.

அதனால் 2023-இல் தீவுத்திடலைச் சுற்றி, நேப்பியர் பாலம், சிவானந்தா சாலை, அண்ணாசாலை வழியாகவே பந்தயம் என்று அறிவித்ததும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். 3.5 கிலோமீட்டர், 19 வளைவு, இரவில், விளக்கு வெளிச்சத்தில். "இத்தனை நாள் நாம அதைத் தேடிப் போனோம், இப்ப அது நம்ம ரோட்டுக்கு வருதுடா" என்றார். டிசம்பர் 9, 10 தேதி. பேத்தி டிக்கெட் போட்டுக் கொடுத்தாள்.

டிசம்பர் 3, 4-இல் மிக்ஜாம் புயல் வந்தது. நம் பக்கம் என்ன ஆனது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கமெல்லாம் படகு ஓடியது. அண்ணன் வீட்டுக் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் பக்கத்து வீட்டு மாடியில் இருந்தார்கள், கரண்ட் இல்லை, பால் இல்லை. அந்த மாடியில் உட்கார்ந்துகொண்டு அண்ணன், "ரேஸ் நடக்குமா?" என்று கேட்டாராம். அண்ணி அன்று திட்டிய திட்டு இன்னும் எங்கள் குடும்பத்தில் மேற்கோளாக இருக்கிறது. பந்தயம் தள்ளிப்போனது. தள்ளாமல் நடத்தியிருந்தால் நானே முதல் ஆளாக எதிர்த்து எழுதியிருப்பேன்.

அதற்குள் வழக்கும் நடந்தது. ஊர் நடுவே பந்தயம் எதற்கு, பக்கத்தில் அரசு பொது மருத்துவமனையும் ஓமந்தூரார் மருத்துவமனையும் இருக்கின்றனவே, அரசுப் பணம் இதற்கா என்ற கேள்விகள். நியாயமான கேள்விகள்தான். 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. கடைசியில் ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 என்று நாள் குறித்தார்கள்.

அண்ணனுக்கு இப்போது எழுபத்திரண்டு முடிந்துவிட்டது. முப்பது வருடம் லேத் பக்கத்தில் நின்ற காது, இரண்டிலும் மெஷின். முழங்கால் வேறு. போக வேண்டாம் என்றார் அண்ணி. நான் கூடப் போகிறேன் என்றேன். அதுதான் கதை.

மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ பள்ளங்களைத் தாண்டி ஆட்டோவில் ஆலந்தூர் போகவே முக்கால் மணி நேரம். அங்கிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம், அரைமணிகூட ஆகவில்லை. வண்டியில் நிறையப் பேர் பந்தயத்துக்குப் போகிறவர்கள், டீ-ஷர்ட்டில் ஃபெராரி, மெர்சிடிஸ். என் பக்கத்தில் நின்ற பையன் ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை என்றான். எஞ்சின் லைனா என்று அண்ணன் கேட்க, அவன் குனிந்து இவர் காதருகில் பதில் சொல்ல, அரசினர் தோட்டம் வரும் வரை இரண்டு பேரும் விடவில்லை. எனக்கு செங்குன்றம் பஸ் ஞாபகம் வந்தது.

உள்ளே போய் உட்கார்ந்தால் காத்திருப்பு. சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் வரவில்லை என்றார்கள். அது இல்லாமல் ஒரு கார் நகரக்கூடாது. கூட்டம் முணுமுணுத்தது. "சோழவரத்துல எவன்டா சர்டிபிகேட் கேட்டான்?" என்று அண்ணனும் சேர்ந்துகொண்டார். இங்கேதான் வாத்தியார் புத்தி விழித்துக்கொண்டது. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

1903-இல் பாரிஸிலிருந்து மாட்ரிட் வரை திறந்த சாலையில் ஒரு பந்தயம் விட்டார்கள். ஜனங்கள் சாலை ஓரத்திலேயே நின்றார்கள். ஓட்டியவர்களும் பார்த்தவர்களும் செத்ததில் போர்டோவிலேயே அரசாங்கம் பந்தயத்தை நிறுத்தியது. ரெனோ கம்பெனியின் மார்செல் ரெனோவும் அதில் இறந்தார். 1955 ஜூன் 11, பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் பறந்து கூட்டத்துக்குள் விழுந்தது. பார்க்க வந்தவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஸ்விட்சர்லாந்து தன் நாட்டில் தடப் பந்தயத்தையே தடை செய்தது. நம் முன்னால் இருந்த கான்கிரீட் சுவரும் அதன்மேல் கம்பிவலையும் அங்கிருந்து வந்தவை. சோழவரத்துக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற நாங்கள் பிழைத்தது அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை. அண்ணன் கேட்டுவிட்டு, "கயிறு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

இருட்டி ஏழு மணி ஆன பிறகுதான் கார்கள் வந்தன. பந்தயம் மறுநாள்தான், அன்று வெறும் பயிற்சி ஓட்டம். வெள்ளை வெளிச்சத்தில் அண்ணாசாலையே வேறு ஊர் மாதிரி இருந்தது. ஆனால் பார்வை என்று சொன்னால், வலைக்குப் பின்னால் ஒரு கோடு வந்தது, போனது. அவ்வளவுதான். எந்த வண்டி, யார் ஓட்டுகிறார் என்று பெரிய திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். சோழவரத்தில் ஓட்டுகிறவன் முகத்து வியர்வை தெரியும். இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு சோழவரத்துக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு நாங்கள் போகவில்லை, அண்ணனுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அன்று ஒரு நாய் தடத்துக்குள் புகுந்து எல்லாவற்றையும் நிறுத்தியது என்று செய்தியில் கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். சோழவரத்திலும் நாய் ஓடிவரும்.

சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன், ஒன்று பாக்கி இருக்கிறது. முதல் கார் வந்த சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். அண்ணன் இரண்டு காதிலிருந்தும் மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். எனக்குப் பயம், ஏதாவது வலியோ என்று. "என்னண்ணே?" என்று கத்தினேன். கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு கார் போகும்போதும் வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் மெல்ல மேலே போய், கியர் மாறும் இடத்தில் டக்கென்று இறங்கியது.

ஒன்பது மணிக்கு மெட்ரோவில் திரும்பினோம். ஆலந்தூர் வரும் வரை மெஷினை அவர் திரும்ப மாட்டவே இல்லை. நானும் ஒன்றும் பேசவில்லை.