புள்ளி என்னும் பெயர்

சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும், மலைமேல் மறையூரிலும் குமுளியிலும், தமிழும் மலையாளமும் ஒரே தேநீர்க்கடை பெஞ்சில் உட்காரும் ஊர்களில், 'புள்ளி வந்நோ?' என்று ஒருவர் கேட்டால் தாளில் தேட வேண்டாம், 'அவர் வந்தாரா?' என்பதே கேள்வி. மலையாளப் பேச்சில் புள்ளி என்றால் அவர். புள்ளிக்காரி என்றால் அந்தப் பெண். நம் பக்கத்துப் 'பெரும்புள்ளி' இதே குடும்பம். தலைக்கொரு புள்ளி இட்டு ஆளெண்ணிய வழக்கிலிருந்து இந்தப் பொருள் கிளைத்திருக்கும் என்பது என் எண்ணம். அடையாளத்தின் பெயர் அடையாளம் பெற்றதன்மேல் ஏறிக்கொள்வது இச்சொல்லுக்குப் பழைய இயல்பு. தொல்காப்பியர் மெய்யெழுத்தையே புள்ளி என்றார். மெய்யீற்றுச் சொற்களின் புணர்ச்சி பேசும் இயலுக்குப் 'புள்ளி மயங்கியல்' என்றே பெயர்.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அன்பர்களே. இதழ் குவிந்து தொடங்கி, நா வளைந்து மேலண்ணத்தில் சற்றே அழுந்தி நின்று, இகரத்தில் விடுபடுகிறது. அந்த அழுத்தத்தைக் காட்ட எழுத்திலும் ஒரு புள்ளி வேண்டும். தன் பொருளைத் தன் தலைமேலேயே தாங்கி நிற்கும் சொல் இது. ஓலைக் காலத்தில் அந்தப் புள்ளி கிடைக்கவில்லை. எழுத்தாணி முனை ஏட்டைத் துளைத்துவிடும் என்று எழுதுவோர் அதை விட்டுவிட்டார்கள். அச்சும் அவ்வழியே தொடங்கியது. கோவாவில் 1577இலும் கொல்லத்தில் 1578இலும் வார்த்த எழுத்துகளைக் கொண்டு அன்றீக்கு அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' புள்ளியில்லாத நூல். அந்த எழுத்தில் நம் சொல் 'புளளி' என்றுதான் நின்றிருக்கும். நூறாண்டு கழித்து, 1679இல், பாலக்காட்டுக்குத் தென்மேற்கே இன்றைய திருச்சூர் மாவட்டத்து அம்பலக்காட்டில் புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அச்சேறியபோதும், எழுத்தின் உயரத்தை அளக்க உலகில் ஒரு பொது அளவு இல்லை.

அந்த அளவை 1737இல் பிரான்சின் ஃபூர்னியே வகுத்தார். அதன் சிற்றலகுக்குப் பாயிண்ட் என்று பெயர் நின்றது. அச்சொல்லின் இலத்தீன் மூலத்துக்குக் குத்துதல் என்பது பொருள். மலையாளத்தாரும் புள்ளியைக் 'குத்து' என்பது நினைவுக்கு வருகிறதல்லவா! தமிழிலோ பொள்ளுதல் என்றால் துளைத்தல்; பொள்ளல் என்றால் துளை. புள்ளியை இவற்றோடு உறவாக்கிப் பார்த்தால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மொழிக்குடும்பங்கள் ஒரே செயலிலிருந்து ஒரே பெயரை எடுத்திருக்கின்றன.

நம் அச்சுக்கோப்போர் பாயிண்ட் என்றே வழங்கினார்கள். பன்னிரண்டு பாயிண்ட் சேர்ந்தது ஒரு பைக்கா. 1886இல் அமெரிக்க வார்ப்பகங்கள் உறுதிசெய்த பாயிண்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 72.27 அடங்கும், கணினி வந்தபின் அந்தத் துணுக்கை உதறி 72 என்று முழுமையாக்கினார்கள். அதற்குள் திரைக்கென வேறொரு பெயர் பிறந்திருந்தது. 'படம்', 'கூறு' என்னும் பொருளுள்ள இரண்டு ஆங்கிலச் சொற்களை நறுக்கி ஒட்டிய பிக்சல், 1965இல் பில்லிங்ஸ்லி என்பவரின் கட்டுரைகளில் முதன்முதலாக அச்சேறியது.

இரண்டுக்கும் உள்ள கணக்கு எளிது. 1984இல் வந்த மெக்கின்டாஷ் திரையில் அங்குலத்துக்கு 72 பிக்சல். ஒரு பாயிண்ட்டுக்கு ஒரு பிக்சல். தாளைவிடத் திரை கண்ணுக்குத் தள்ளியிருக்கிறது என்று விண்டோஸ் அமைத்தோர் அதை மூன்றிலொரு பங்கு பெருக்கி 96 ஆக்கினார்கள். இணையப் பக்கங்களுக்கும் அதுவே விதியாயிற்று. ஆகவே பாயிண்ட்டை நாலால் பெருக்கி மூன்றால் வகுத்தால் பிக்சல்: 12 பாயிண்ட் 16 பிக்சல், 9 பாயிண்ட் 12 பிக்சல். திருப்பிச் சொல்ல நமக்கு ஒரே சொல் போதும்: பிக்சலில் முக்கால், பாயிண்ட்.

தமிழில் எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது. பாயிண்ட்டைப் புள்ளி என்றும், பிக்சலைப் படப்புள்ளி என்றும் சொன்னால், 'பன்னிரண்டு புள்ளி பதினாறு புள்ளி' என்று கணக்கே குழம்பும். பாயிண்ட் பொட்டே அல்ல. வடிவமற்ற வெறும் நீளம். பிக்சல் உருவுள்ள துணுக்கு. எனவே பிக்சலுக்குப் 'படவணு' என்பதையே நான் கொள்கிறேன். அளவைக்கு 'அச்சுப்புள்ளி' பொருந்தும். இலங்கைத் தமிழர் தேர்வு மதிப்பெண்ணைப் புள்ளி என்பதால், அளவுப் பொருள் இச்சொல்லுக்குப் புதிதும் அன்று.

பழைய கணினித் திரையில் 9 அச்சுப்புள்ளி எழுத்தை உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 'ள்' தலைமேல் இருப்பது வட்டம் அல்ல, ஒன்றிரண்டு படவணுவால் ஆன சதுரம். 'ங்', 'ஞ்' போன்ற நெருக்கமான எழுத்துகளில் அது மேற்கோட்டோடு ஒட்டியே போகும். படிப்பவர் மெய்யா உயிர்மெய்யா என்று பொருளைக் கொண்டு ஊகிக்க வேண்டும், ஏட்டுச்சுவடி படித்தவர்களைப் போலவே. இன்றைய கைப்பேசித் திரைகளில் கணக்குக்குரிய ஒரு படவணுவுக்குள் நான்கோ ஒன்பதோ உண்மை அணுக்கள் இருப்பதால், அதே 9 அச்சுப்புள்ளியில் புள்ளி தனித்து, உருண்டையாக நிற்கிறது.