கேனானா, நிக்கானா? 1987ல நடந்த கூத்து

டிஎஸ்எல்ஆர் வாங்கப் போறேன்னு ஒருத்தர் வாயைத் திறந்தா போதும், ரஜினியா கமலா ரேஞ்சுக்கு சண்டை ஆரம்பிச்சுடும். மெகாபிக்சல் எவ்ளோ, திரை எவ்ளோன்னு. மக்களே, பாடி அஞ்சாறு வருசத்துல பழசாயிடும். நல்ல லென்ஸ் இருபது வருசம் உழைக்கும். அதனால நாம உண்மையில வாங்குறது கேமராவை இல்ல, லென்ஸ் மாட்டுற அந்த உலோக வளையத்தை. அதாங்க மவுண்ட்.

நிக்கானோட எஃப் மவுண்ட் 1959ல வந்தது. கேனானோட எஃப்டி 1971ல. ரெண்டுலயும் ஃபோகஸ் கையாலதான் திருப்பணும். 1985ல மினோல்டா 7000ன்னு ஒண்ணு ஆட்டோஃபோகஸை பாடிக்குள்ளயே வச்சு வந்துச்சு பாருங்க, மத்தவங்களுக்கு வயித்துல புளியைக் கரைச்சுடுச்சு.

நிக்கான் பழைய வளையத்தை விடலை. 1986ல எஃப்-501 பாடிக்குள்ள ஒரு மோட்டாரை வச்சு, அது லென்ஸ்ல இருக்கற திருகைச் சுத்துற மாதிரி பண்ணிட்டாங்க. கேனான் என்ன பண்ணுச்சுன்னா, 1987ல எஃப்டியை அப்படியே தூக்கிப் போட்டுட்டு ஈஎஃப்னு புது மவுண்ட். மோட்டார் லென்ஸுக்குள்ளயே. நெம்புகோல் எதுவும் கிடையாது, எல்லாம் மின்சாரத் தொடர்புதான். வாய் அகலம் 54 மிமீ, நிக்கானுக்கு 44.

எஃப்டி லென்ஸை வாங்கிக் குவிச்சிருந்தவங்க கதி? எஃப்டியில வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் 42 மிமீ, ஈஎஃப்ல 44. அந்த ரெண்டு மில்லிமீட்டர்ல மலை, நிலா மாதிரி தூரத்துல இருக்கறது எதுவும் ஃபோகஸ் ஆகாது. நடுவுல கண்ணாடி வச்ச அடாப்டர் வேணும், அது படத்தைக் கெடுக்கும். வயிறு எரியாம இருக்குமா?

ஆனா 1987ல வாங்கின ஈஎஃப் லென்ஸ் 2003ல வந்த 300டியில மாட்டினாலும் தானா ஃபோகஸ் ஆகும். 2018ல வந்த ஈஓஎஸ் ஆர்ல கூட அடாப்டரோட ஆகும். நிக்கான் பக்கம், 2006ல வந்த டி40யில பாடி மோட்டாரை எடுத்துட்டாங்க. பழைய லென்ஸ் கச்சிதமா உட்காரும், ஃபோகஸ் மட்டும் நீங்கதான் திருப்பணும். 2018ல இசட் மிரர்லெஸ்சுக்குக் குடுத்த அடாப்டர்லயும் மோட்டார் இல்ல. விசுவாசத்துக்குக் கெடைச்ச பரிசு :-)

இன்னொரு வேடிக்கை, மிரர்லெஸ்ல அந்த இடைவெளி 20 மிமீக்குள்ள வந்துட்டதால, கைவிட்ட எஃப்டி லென்ஸெல்லாம் ஒரு வெத்துக் குழாய் அடாப்டரோட மறுபடி உயிர் பெத்துடுச்சு!

ஸ்டைபெண்ட் காசுல வாழ்ற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு என் யோசனை: இப்ப எல்லாரும் மிரர்லெஸ்சுக்குத் தாவுறதால பழைய டிஎஸ்எல்ஆர் மலிவு. பாடியை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, மிச்சத்தை லென்ஸ்ல போடுங்க. முதல்ல 50 மிமீ எஃப்/1.8 போதும். நிக்கானோட சின்ன பாடின்னா 1.8டி வேணாம், ஏஎஃப்-எஸ் 1.8ஜி பாருங்க. வாங்குறதுக்கு முன்னாடி லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சு பூஞ்சை இருக்கான்னு பாத்துக்குங்க.